ஒரு லட்சம் பவுன் ஞாபகார்த்தம்

சென்ற மாதம் ஒரு நாள் காலையில் மூன்று இளைஞர்கள் என்னைத் தேடிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் கையில் புத்தம் புதிய ரசீதுப் புத்தகம். அவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நெடுநாள் தலைமை ஆசிரியராக இருந்து காலமான ஒருவரின் பெயரால், கல்லூரியில் சேரும் ஏழைப் பிள்ளைகளுக்கு உபகாரச் சம்பளம் கொடுக்க ஒரு ஞாபகார்த்த நிதி திரட்டுகிறார்களாம். அதற்காக ஒரு சங்கீதக் கச்சேரி. கச்சேரிக்கு நடுவில், ஜனங்கள் காப்பி சாப்பிட எழுந்து போவதற்குள்ளாகப் பார்த்து, நான் பத்து நிமிஷம் பேச வேண்டும்.

"எதைப் பற்றிப் பேசட்டும்?" என்று கேட்டேன்.

"எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள், ஸார்! கேட்டவர்கள் பணம் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்" என்றார் ரசீதுப் புத்தகக்காரர்.

கேட்பவர்கள் பணம் கொடுக்கும்படியாகப் பேசுவது தனியான ஒரு வித்தை. அந்த வித்தையில் கரை கண்டவர் யார் என்று சரித்திரத்தில் தேடிப் பார்த்தால், வாசகர்கள் ஆச்சரியப்படுவார்கள், ஒரு பிரசங்கியும் அகப்படவில்லை; ஒரு பட்டாளத்துக்காரர்தான் அகப்படுகிறார். அதிகம் பேசாதவர். பேசினாலும் இனிமையாகப் பேசாதவர். பெண்கள் கூட்டத்தைக் கண்டால் கூச்சப்படுகிறவர். இத்தனைக் குறைகளையும் வைத்துக்கொண்டு அவர் 1898-ஆம் ஆண்டில், இறந்து போன ஒரு மனிதரின் பெயரைச் சொல்லி, இங்கிலாந்து தேசத்தாரிடம் ஒரு லட்சம் பவுன் கேட்டார். சில வாரங்களுக்குள் கேட்டதற்கு மேலேயே கிடைத்தது. அந்தப் பணத்தில் சூடான் தேசத்துக் கார்ட்டூம் நகரில் ஒரு கலாசாலை எழுந்தது. கேட்டவர் ஸர் ஹெர்பர்ட் கிச்சனர். இறந்து போனவர் ஜெனரல் கார்டன்.

கார்டன் ஒரு விசித்திரமான மனிதர். சீனாவில் தாய்ப்பிங் கலகத்தை அடக்கியதில் பெயர் வாங்கியதால் அவரை இங்கிலாந்தில் 'சீனத்துக் கார்டன்' என்றே அழைத்தார்கள். இரவும் பகலும் பைபிள் படிப்பார். தம் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளச் சொல்லி மேலதிகாரிகளிடம் வற்புறுத்துவார். இது ஒன்றே அவரை மற்ற அதிகாரிகளிடமிருந்து பிரித்துக் காட்டப் போதுமானது. எகிப்தின் ஆட்சியிலிருந்த சூடானில் கவர்னர் ஜெனரலாக இருந்து அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் பாடுபட்டவர். பெயருக்கேற்றபடி சூடான தேசம். அங்கே 1881-இல் முகம்மது அகமது என்பவர் தம்மை மஹ்தி என்று பிரகடனம் செய்துகொண்டு கிளம்பினார். வரி வசூலிப்பவர்களின் சவுக்கடி தாங்காத ஜனங்கள் அவர் பின்னால் திரண்டார்கள். எகிப்தின் படைகள் ஒவ்வொன்றாக அழிந்தன. மிச்சம் இருந்த படைகளையும் ஜனங்களையும் பத்திரமாக வெளியேற்றி வரும்படி 1884-இல் கார்டனைக் கார்ட்டூமுக்கு அனுப்பினார்கள். போனவர் திரும்பவில்லை. நகரத்தை விட்டுவிட்டு வர மனம் இல்லாமல் உள்ளேயே உட்கார்ந்துவிட்டார். 317 நாள் முற்றுகை. ஆட்டு மாட்டுத் தோலையும் பனைமரக் குருத்தையும் ஜனங்கள் தின்னும் நிலைமை வந்தது.

லண்டனில் பிரதம மந்திரி கிளாட்ஸ்டன் யோசித்தார், யோசித்தார், யோசித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு மீட்புப் படை புறப்பட்டது. அதன் முன்னணிக் கப்பல்கள் கார்ட்டூமைக் கண்ணால் கண்ட தேதி 1885 ஜனவரி 28. நகரம் விழுந்தது ஜனவரி 26. இரண்டே நாள்! கார்டனின் தலையை வெட்டி எடுத்துப் போனார்கள். உடல் என்ன ஆயிற்று என்பது தெரியவில்லை. கல்லறை என்று ஒன்று அவருக்குக் கிடையாது.

இங்கிலாந்து முழுவதும் துக்கம் பொங்கிற்று. துக்கத்தைவிடக் குற்ற உணர்ச்சி அதிகமாகப் பொங்கிற்று என்று நினைக்கிறேன். 'மகத்தான கிழவர்' என்று கிளாட்ஸ்டனைச் செல்லமாக மூன்று எழுத்துக்களில் குறிப்பிடுவது வழக்கம். ஜனங்கள் அந்த மூன்று எழுத்துக்களையும் தலைகீழாகத் திருப்பி, 'கார்டனைக் கொலை செய்தவர்' என்று பொருள் வரும்படி செய்தார்கள். ஏழைச் சிறுவர்களுக்காகக் கார்டன் பெயரில் ஒரு விடுதியும் அந்த வருஷமே தொடங்கினார்கள். அதனாலெல்லாம் மனம் ஆறவில்லை.

மீட்புப் படையில் வேவுத் துறை அதிகாரியாக இருந்த முப்பத்து நான்கு வயது மேஜர் ஒருவர், அரபு பாஷை தெரிந்தவர், பாலைவனத்தில் இருந்துகொண்டு கார்டனுக்குச் செய்தி அனுப்பவும் வாங்கவும் முயன்று கொண்டிருந்தார். கார்ட்டூம் எப்படி விழுந்தது என்று விசாரித்து அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதியவரும் அவர்தான். அந்த மேஜர்தான் கிச்சனர். பதிமூன்று வருஷம் கழித்து அவரே எகிப்தியப் படையின் தலைமைத் தளபதியாக, 'ஸர்தார்' என்ற பட்டத்துடன், பாலைவனத்தின் குறுக்கே ரயில் பாதை போட்டுக்கொண்டு சூடானுக்குள் திரும்பி வந்தார்.

1898 செப்டம்பர் 2-ஆம் தேதி உம்துர்மான் யுத்தம் நடந்தது. யுத்தம் என்று சொல்வது சம்பிரதாயம். மஹ்தி முன்பே இறந்து, அவருடைய கலீபா ஆண்டுகொண்டிருந்தார். அவருடைய வீரர்கள் வேலும் வாளும் பழைய துப்பாக்கியும் ஏந்தித் திறந்த வெளியில் அலை அலையாக ஓடி வந்தார்கள். எதிரே பீரங்கியும் மாக்ஸிம் யந்திரத் துப்பாக்கியும் காத்திருந்தன. மத்தியானத்துக்குள் 10,000 பேருக்கு மேல் செத்து விழுந்தார்கள். கிச்சனர் பக்கத்தில் இறந்தவர்கள் 48 பேர்.

இரண்டு நாள் கழித்து, கார்டன் உயிர் துறந்த அரண்மனையின் இடிபாடுகளுக்கு முன்னால் பிரார்த்தனை நடந்தது. அன்றைக்கு, கல் என்று பெயர் எடுத்த கிச்சனர் தேம்பி அழுதார். அணிவகுப்பைக் கலைக்கும்படி உத்தரவிடக்கூட அவருக்குக் குரல் எழும்பவில்லை. அந்தக் கண்ணீர் உண்மையானது என்றுதான் நான் நம்புகிறேன். அதே மனிதர் அதே நாட்களில் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்லியாக வேண்டும். மஹ்தியின் சமாதியை இடித்துத் தரைமட்டமாக்கும்படி உத்தரவிட்டார். இடிக்கும் வேலையை மேற்பார்த்தவர் கார்டனின் சொந்த மருமகன் முறையுள்ள ஓர் அதிகாரி. எலும்புகளை நைல் நதியில் போட்டார்கள். மண்டையோட்டை மட்டும் கிச்சனர் வைத்துக்கொண்டார். செய்தி எட்டியதும் விக்டோரியா ராணிக்கே பொறுக்கவில்லை. கடைசியில் அந்தத் தலையை வாடி ஹல்பாவில் ரகசியமாகப் புதைத்தார்கள். அந்தப் போரில் குதிரைப்படையோடு பாய்ந்த இளம் அதிகாரி வின்ஸ்டன் சர்ச்சில், 1899-இல் எழுதிய புத்தகத்தில் இந்தச் சமாதி விவகாரத்தைக் கடுமையாகக் கண்டித்தார். பிற்காலத்துச் சர்ச்சிலிடம் அந்த இளைஞரைத் தேடினால் கிடைப்பது சிரமம். போகட்டும்.

ஒரு தலைக்குப் பதில் இன்னொரு தலை என்று கணக்கு நேராகிவிட்டது. ஆனால் கிச்சனருக்கு அந்தக் கணக்கு திருப்தி தரவில்லை. இங்கேதான் அவர் வெறும் பட்டாளத்துக்காரர் அல்ல என்பது புலப்படுகிறது.

அக்டோபர் கடைசியில் இங்கிலாந்து திரும்பினார். 'கார்ட்டூம் கிச்சனர் பிரபு' என்று பட்டம். லண்டன் நகர சபையின் வாள் மரியாதை. ஊருக்கு ஊர் விருந்து. பிரெஞ்சுக்காரர்களோடு பஷோடாவில் நேர்ந்த தகராறும் அவர்கள் விட்டுக் கொடுத்ததில் முடிந்துகொண்டிருந்த சமயம். ஜனங்கள் தலைகால் தெரியாத உற்சாகத்தில் இருந்தார்கள். மற்றவர்களாயிருந்தால் இந்த ஆரவாரத்தில் மிதந்திருப்பார்கள். கிச்சனர், இந்த உற்சாகம் எத்தனை நாள் தாங்கும் என்று கணக்குப் போட்டார். அடுத்த செய்தி வந்ததும் சூடானை மறந்துவிடுவார்கள். அதற்குள் பணத்தை வாங்கிவிட வேண்டும். நவம்பர் இறுதியில் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையில் அவருடைய வேண்டுகோள் வெளியாயிற்று.

சாமர்த்தியமான கடிதம் அது. கார்ட்டூமில் கார்டன் ஞாபகார்த்தக் கலாசாலை ஒன்று வேண்டும். அதற்கு ஒரு லட்சம் பவுன் வேண்டும். கட்டடத்துக்கு ஒரு சிறு பகுதி போக, மீதியை முதல் போட்டு, வட்டியைக் கொண்டு நடத்தலாம். கிராமத் தலைவர்கள், ஜில்லாத் தலைவர்களின் பிள்ளைகள் படிக்கட்டும். அவர்கள் மத விஷயத்தில் தலையிடக் கூடாது. ராணியே நிதியின் புரவலர். ஜயித்தவர்களுக்கு, ஜயிக்கப்பட்டவர்களை நாகரிகப்படுத்தும் கடமை இருக்கிறது என்பது கடிதத்தின் சாரம். கார்டனைச் சாகவிட்டோமே என்று பதிமூன்று வருஷமாக உறுத்திக்கொண்டிருந்த தேசத்துக்கு, அந்த உறுத்தலை ஒரு செக் எழுதித் தீர்த்துக்கொள்ள வழி காட்டினார் ஸர்தார். உம்துர்மானில் செத்தவர்களின் விதவைகளுக்கு என்று ஒரு நிதி தொடங்க யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. அவர்கள் பிள்ளைகளில் சிலராவது இந்தக் கலாசாலையில் படிக்கப் போகிறார்கள் என்பதை எண்ணி நாம் ஆறுதல் அடையலாம்.

கவி கிப்ளிங் கூட இந்த நிதியைப் பற்றி ஒரு பாட்டு எழுதினார். அதில் ஒரு வேடிக்கை. பாட்டைத் தாம் பாடியதாகச் சொல்லாமல், வங்காளப் பட்டாளத்தில் இருந்த ஓர் இந்திய முஸ்லிம் உபாத்தியாயர் பாடியதாகவும், தாம் மொழிபெயர்த்ததாகவும் எழுதியிருக்கிறார். பகைவனைக் கொன்றுவிட்டு அவன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கட்டும் ஆங்கிலேயனின் பைத்தியக்காரத்தனத்தைப் பார்த்து அந்த உபாத்தியாயர் வியக்கிறாராம். நம் நாட்டு உபாத்தியாயர் யாரும் அப்படி வியந்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம். நம்மிடையே அதற்குள் அந்தப் படிப்பில் இரண்டு தலைமுறை தேறியிருந்தது. அந்தப் படிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பது உபாத்தியாயருக்குத் தெரியும்.

குரோமர் பிரபுவுக்கும் தெரியும். எகிப்தில் பிரிட்டிஷ் பிரதிநிதியாக இருந்து சூடானையும் மேற்பார்த்த அவர், முன்னால் இந்தியாவில் நிதி மந்திரியாக இருந்தவர். 1899 ஜனவரியில் கலாசாலைக்கு அஸ்திவாரக் கல் நாட்டியவரே அவர்தான். ஆனால் உயர்ந்த படிப்பு என்றால் அவருக்குப் பயம். இந்தியாவில் இங்கிலீஷ் படித்தவர்களை உற்பத்தி செய்துவிட்டு, அவர்கள் காங்கிரஸ் கூட்டித் தீர்மானம் போடுவதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதாகிவிட்டதல்லவா? சூடானில் அந்தப் பிழை கூடாது. முதல் கல்வி டைரக்டராக வந்த ஜேம்ஸ் கரி நோக்கங்களை வகுத்தார். நல்ல தொழிலாளிகள் வேண்டும்; ஜனங்களுக்கு அரசாங்க யந்திரம் புரியுமளவு எழுத்தறிவு போதும்; சிறு உத்தியோகங்களுக்குச் சின்னஞ்சிறு கூட்டம் ஒன்று வேண்டும். குமாஸ்தா வேண்டும், ஆனால் குமாஸ்தா யோசிக்கக் கூடாது. உலகத்தில் இப்படிப்பட்ட குமாஸ்தாவை இதுவரை யாரும் உற்பத்தி செய்ததில்லை.

இன்னொரு பக்கத்தில் பாதிரிமார்களுக்குக் கோபம். பைபிளை மார்போடு அணைத்துக்கொண்டிருந்த கார்டன் பெயரில் கலாசாலை. அதில் பைபிள் கிடையாது, குரான் உண்டு, விடுமுறை ஞாயிற்றுக்கிழமை அல்ல, வெள்ளிக்கிழமை! இந்த ஒரு விஷயத்தில் கிச்சனரும் குரோமரும் பிடிவாதமாக இருந்தது சரி என்றே சொல்ல வேண்டும். மதம் மாற்றுவார்கள் என்ற பயம் இருந்திருந்தால் ஒரு சூடானியத் தகப்பனும் பிள்ளையை அனுப்பியிருக்க மாட்டான்.

நீல நைலின் கரையில், செங்கல் வளைவுகளோடு கட்டடம் எழுந்தது. 1902 நவம்பர் 8-ஆம் தேதி கிச்சனரே வந்து திறந்து வைத்தார். இந்தியாவில் பிரதம சேனாதிபதி பதவியை ஏற்கப் போகிற வழியில் இறங்கித் திறந்துவிட்டுப் போனார். இங்கே வந்து கர்ஸான் பிரபுவோடு அவர் போட்ட சண்டையும், 1905-இல் கர்ஸான் ராஜிநாமாச் செய்ததும் நாம் அறிந்தவை.

முதலில் அது பெயரளவில்தான் கலாசாலை. சிறுவர் பள்ளிக்கூடம், உபாத்தியாயர் பயிற்சி, காஜிகளுக்குப் பயிற்சி, தச்சுப் பட்டறை இவைதான். பிறகு மேல் வகுப்புகள் வந்தன. மருந்து வியாபாரி ஹென்றி வெல்கம் ஓர் ஆராய்ச்சிச் சாலையை வழங்கினார். அங்கிருந்து கார்ட்டூமின் கொசுக்களோடு நடந்த யுத்தம், உம்துர்மான் யுத்தத்தைவிட உபயோகமானது. படித்தவர்கள் குமாஸ்தாக்களாகவும் கணக்கர்களாகவும் உபாத்தியாயர்களாகவும் தேசமெங்கும் போனார்கள். உம்துர்மானில் மாலை வேளைகளில் கூடிப் பேசினார்கள். கெய்ரோவிலிருந்து வந்த பத்திரிகைகளைப் படித்தார்கள். 1924-இல் சூடானில் முதல் தேசியக் கிளர்ச்சி வெடித்தபோது, ராணுவப் பள்ளி மாணவர்கள் கார்ட்டூம் வீதியில் ஊர்வலம் போனார்கள். அந்தப் பள்ளியையே மூடிவிட்டார்கள்.

1931-இல் கார்டன் கலாசாலைக்குள்ளேயே தீப்பொறி விழுந்தது. உலகமெல்லாம் வியாபார மந்தம். பருத்தி விலை வீழ்ந்தது. அரசாங்கம் செலவைக் குறைக்கப் பார்த்தது. கலாசாலையில் தேறி வேலைக்குச் சேருகிற சூடானியனுக்கு மாதம் எட்டு எகிப்தியப் பவுன் சம்பளம். அதை ஐந்தரையாகக் குறைத்தார்கள். பையன்கள் புத்தகத்தை மூடினார்கள். வகுப்புக்கு வர மறுத்து வேலைநிறுத்தம்! இரண்டரைப் பவுனுக்காகவா என்று கேட்கத் தோன்றும். அந்த இரண்டரைப் பவுனில் ஒரு குடும்பத்தின் அரிசி பருப்பு இருந்தது. அதைவிட, இங்கிலீஷ் அதிகாரிக்கும் தனக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்ற கணக்கும் இருந்தது. தர்மப் பணத்தில் படித்தவன் நன்றியோடு தலை குனிந்திருப்பான் என்று எதிர்பார்த்தவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி.

ஏழு வருஷம் கழித்து, 1938 பிப்ரவரியில், பட்டம் பெற்ற அந்தக் குமாஸ்தாக்களும் உபாத்தியாயர்களும் சேர்ந்து ஒரு சபை அமைத்தார்கள். அதற்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? 'பட்டதாரிகள் காங்கிரஸ்'! நம் இந்தியக் காங்கிரஸை மனத்தில் வைத்துச் சூட்டிய பெயர். குரோமர் பிரபு அப்போது உயிரோடு இல்லை. 1942-இல் யுத்தத்துக்கு நடுவில் அந்தக் காங்கிரஸ், சூடானுக்குச் சுயநிர்ணய உரிமை வேண்டும் என்று விண்ணப்பம் கொடுத்தது. அரசாங்கம் அதைத் திருப்பி அனுப்பியது. கடிதத்தைத் திருப்பி அனுப்பலாம். எழுதியவர்களை எங்கே திருப்பி அனுப்புவது? அவர்களில் முக்கியமானவர் இஸ்மாயில் அல்-அஸாரி. கார்டன் கலாசாலையில் படித்து, பேரூத்துக்குப் போய் மேல்படிப்பு முடித்து வந்து, பழைய கலாசாலையிலேயே கணக்கு வாத்தியாராக இருந்தவர். 1956 ஜனவரி 1-ஆம் தேதி, கார்டன் வெட்டுண்ட இடத்தில் கிச்சனர் திரும்பக் கட்டிய அதே அரண்மனையில், பிரிட்டிஷ் கொடியும் எகிப்தியக் கொடியும் இறங்கின. சுதந்திர சூடானின் கொடியைப் பிரதம மந்திரி அஸாரியும் எதிர்க்கட்சித் தலைவர் மஹ்ஜூபும் ஏற்றினார்கள். மஹ்ஜூபும் கார்டன் கலாசாலை மாணவர்தான். 1898-இல் செக் எழுதிய சீமான்களும் சீமாட்டிகளும் எதற்காகப் பணம் கொடுத்தோம் என்று நினைத்துக் கொடுத்தார்களோ, நான் அறியேன். வாங்கிய பொருள் இதுதான்.

கிச்சனரின் கதையையும் முடித்துவிடுகிறேன். 1916 ஜூன் 5-ஆம் தேதி, ருஷ்யாவுக்குப் போகும் வழியில், ஆர்க்னி தீவுகளுக்கு அப்பால் அவருடைய கப்பல் ஜெர்மன் கண்ணிவெடியில் மோதி மூழ்கியது. அவர் உடலும் கிடைக்கவில்லை. உடனே என்ன செய்தார்கள்? ஒரு ஞாபகார்த்த நிதி திரட்டினார்கள்! அதிலிருந்து போர்வீரர்களின் பிள்ளைகளுக்குச் சர்வகலாசாலைப் படிப்புக்கு உபகாரச் சம்பளம் கொடுத்தார்கள். கார்ட்டூமிலும் அவர் பெயரால் 1924-இல் ஒரு வைத்தியப் பள்ளி திறந்தார்கள். அந்தப் பள்ளிக்கு வந்த நன்கொடைகளில் என் மனத்தைக் கவர்ந்தது ஒன்று. அகமது ஹாஷிம் அல்-பக்தாதி என்று ஒரு வியாபாரி. எங்கிருந்தோ பிழைக்க வந்து கார்ட்டூமில் செல்வம் சேர்த்தவர். தம் சொத்துக்களை வைத்தியப் பள்ளிக்கு வக்பு எழுதி வைத்துவிட்டார். அவர் கிச்சனருக்காகக் கொடுத்தாரா என்றால், இருக்காது. டாக்டராக வர வேண்டிய பையன்கள் அவர் கண்முன் தெருவில் இருந்தார்கள். கார்டன் கலாசாலையும் கிச்சனர் வைத்தியப் பள்ளியும் 1951-இல் ஒன்றாகி, 1956-இல் கார்ட்டூம் சர்வகலாசாலை ஆயின. இரண்டு பெயர்களும் போய்விட்டன.

கார்ட்டூமில் கார்டனுக்கு, ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்தபடி, ஒரு வெண்கலச் சிலை இருந்தது. ஓர் ஆங்கில அதிகாரி தம் சிறு மகனை நாள்தோறும் அழைத்துப் போய், "கார்டனுக்கு வணக்கம் சொல்லு" என்பாராம். ஊரைவிட்டுப் போகும் நாளில் பையன் கேட்டானாம்: "அப்பா! கார்டன் முதுகில் உட்கார்ந்திருக்கும் அந்த ஆள் யார்?" நடந்ததோ, யாரோ கட்டியதோ, நல்ல கதை. 1958-இல் சிலையைக் கழற்றி இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். கார்டன் இறந்த வருஷத்தில் ஏழைச் சிறுவர்களுக்காகத் தொடங்கிய அந்த விடுதியில், இப்போது பள்ளிக்கூடமாகிவிட்ட இடத்தில், அது நிற்கிறது.

கட்டடத்தை யாரும் கழற்றி அனுப்பவில்லை. சூடானியர்களே சூடானியர்களை அடக்கி ஆண்ட காலத்திலும் அதன் மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. 1964 அக்டோபர் 21-ஆம் தேதி, தெற்குச் சூடான் பிரச்னையைப் பற்றி மாணவர்கள் கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது போலீஸார் புகுந்து சுட்டார்கள். அகமது அல்-குரஷி என்ற மாணவர் இறந்தார். ஊரே வீதிக்கு வந்தது. சில நாட்களுக்குள் ஜெனரல் அப்பூதின் ராணுவ ஆட்சி சரிந்தது. 2019-இல் முப்பது வருஷ ஆட்சி ஒன்று சரிந்தபோதும் கூட்டத்தில் அவர்கள் இருந்தார்கள்.

2023 ஏப்ரல் 15-ஆம் தேதி கார்ட்டூமில் இரண்டு படைத் தலைவர்கள் ஒருவரோடொருவர் மோதிக்கொண்டார்கள். அரண்மனைக்கும் ராணுவத் தலைமையகத்துக்கும் பக்கத்தில் இருந்த சர்வகலாசாலை நடுவில் அகப்பட்டது. மாணவர்கள் பல நாள் உள்ளேயே சிக்கிக்கொண்டார்கள். ஒரு மாணவர் மேல் குண்டு பாய்ந்தது. உடலை ஊருக்கு எடுத்துச் செல்ல வழியில்லை. தண்ணீருக்கும் ரொட்டிக்கும் தவித்துக்கொண்டிருந்த மற்றவர்கள், சர்வகலாசாலை வளாகத்துக்குள்ளேயே குழி வெட்டி அவரைப் புதைத்தார்கள்.